பக்கத்து வரியில் தாரணி

அந்த லேப்டாப் பையை மடியிலயே வெச்சுக்க கண்ணு. மேல போட்டா பஸ்ஸு குலுங்கற குலுங்கலுக்கு எவந் தலையிலயாவது விழும். நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். கம்ப்யூட்டர் வேலையா? நெனச்சேன். கரூர் தாண்டறதுக்குள்ளயே தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தியே, அந்தக் கறுப்புப் பக்கம், அதுல கலர் கலரா எழுத்து, பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நானும் அது படிச்சவதான். எம்.சி.ஏ. என்னையப் பாத்தா தெரியாது, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

ஒண்ணு கேக்கறேன், நீ அதை எதுல எழுதறே? பிரவுசர்லயா?

பாத்தியா. நீயுமா.

இல்லை, தப்பா ஒண்ணும் சொல்லலை. எங்க வூட்ல ஒருத்தி இருந்தா, எனக்கு ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம். தாரணின்னு பேரு. அவளும் அதுலதான் எழுதுவா. இப்பக்கூட அவளைப் பாக்கத்தான் கோயமுத்தூர் போறேன். பாக்கன்னா, பட்டு எடுக்கப் போறேன், அப்படியே அவளையும் பாத்துட்டு வரலாம்னு. எனக்கு அவமேல பொறாமைன்னு எங்க வூட்டுக்காரரு ஒருக்கா சொன்னாரு. பொறாமைப்படறதுக்கு அங்க என்ன இருக்குதுன்னு கேட்டேன். மனுசன் பேப்பரை எடுத்து விரிச்சுக்கிட்டாரு.

கண்ணாலத்துக்கு முந்தி நானும் கோயமுத்தூர்லதான் வேலை பாத்தேன், பீளமேட்டுல. அப்பெல்லாம் ஒண்ணு எழுதணும்னா முதல்ல மெஷினைத் தயார் பண்ணணும். இதை ஏத்து, அது கேக்கற இன்னொண்ணை ஏத்து, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை கட்டும், எல்லாத்தையும் எடுத்துப்போட்டு மறுக்கா முதல்லருந்து ஏத்து. எங்க ஆபீஸ்ல யாரு மெஷினு மொரண்டு புடிச்சாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க. சுகந்தி வந்து தொட்டா ஓடும்னு ஒரு பேரு. அந்தப் பேரோடதான் கரூருக்கு வாக்கப்பட்டு வந்தேன்.

எங்களுக்குத் துணி யாவாரம். போர்வை, துண்டு, மேசை விரிப்பு, எல்லாம் வெளிநாட்டுக்குப் போறது. எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனாரும் பாத்துக்கறாங்க. மாமனார் இல்லை. மாமியாதான் எல்லாத்துக்கும் தலை. நான் வேலைக்குப் போறேன்னு கேக்கலை, அவங்களும் போன்னு சொல்லலை. ஆனா எங்க வூட்டுக்காரரு நல்ல மனுசன், எனக்குன்னு ஒரு பெரிய கம்ப்யூட்டரு வாங்கி எங்க ரூம்லயே வெச்சுக் குடுத்தாரு. வேணுங்கறதை எல்லாம் நானே ஏத்துனேன். பாப்பா கொஞ்சம் பெருசாகட்டும், ஆரம்பிச்சரலாம்னு இருந்தேன். புதுசா ஒண்ணு வந்தா அதையும் ஏத்துவேன். பழசு இருந்தா எடுத்துப்போடுவேன். எப்பவும் தயாரா இருக்கும். ஒறம்பரை, சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா மாமியா நேரா எங்க ரூமுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க, எங்க பெரிய மருமக கம்ப்யூட்டரு படிச்சவன்னு. நான் உறையை எடுத்துக் காட்டுவேன். பூ வேலை போட்ட உறை, நானே தெச்சது.

என்ன எழுதுனேன்னா? அதான் சொல்றேனே கண்ணு, தயாரா வெச்சிருந்தேன்.

அப்பறம் தாரணி வந்தா. குளித்தலைப் பக்கம். பி.எஸ்சி. கணக்கு. சீரோட சீரா ஒரு லேப்டாப்பும் வந்துச்சு, அவ பன்னெண்டாவது படிக்கறப்போ பள்ளிக்கூடத்துல குடுத்தது. மூடி ஒரு பக்கம் தொங்கும், ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தா. வந்து கொஞ்ச நாள்லயே என்ற ரூம் வாசல்ல வந்து நின்னா. "அக்கா, நீங்க மத்தியானம் படுக்கற நேரத்துல இதுல நான் கொஞ்சம் கத்துக்கட்டுங்களா?"

நான் முடியாதுன்னு சொல்லலை. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மறுக்கா எல்லாம் ஏத்தணும் கண்ணு, உன்ற லேப்டாப்லயே ஏத்திக்கன்னு சொன்னேன். என்னென்ன ஏத்தணும்னு ஒண்ணுவிடாம வாய் வலிக்கச் சொல்லியும் குடுத்தேன். யாரு சொல்லுவா அப்படி? அவளும் போயி ஏத்துனா. பாவம், அந்த லேப்டாப் பாதியிலயே மூச்சு வாங்கி நின்னுபோச்சு. அது நிக்கும்னு எனக்குத் தெரியும்தான். அதுல எடமே இல்லையே, எப்படி ஏறும்? ஆனா கேட்டா, இருக்கறதைச் சொன்னேன். சரி, இத்தோட விட்டுருவான்னு நெனச்சேன்.

அடுத்த வாரமோ என்னமோ, சாப்பாட்டு மேசையில சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா. பக்கத்துல அதே லேப்டாப் தொறந்திருக்குது. எட்டிப் பாத்தா கோடிங் ஓடுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எதை ஏத்துனேன்னு கேட்டேன்.

"ஒண்ணும் ஏத்தலீங்க அக்கா. பிரவுசர்லயே தொறக்குது. எல்லாம் அங்க எங்கயோ இருக்கற மெஷின்ல ஓடுது, இங்க எழுத மட்டும் செஞ்சாப் போதும்."

ஒண்ணும் ஏத்தலையாம். உனக்கு இதெல்லாம் பெருசாத் தெரியாது கண்ணு. நாங்க ஒண்ணை ஓட வெக்கறதுக்குள்ள பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஊட்டுக்குள்ள அடுப்பு இல்லை, விறகு இல்லை, பாத்திரம் இல்லை, ஆனா இலை போட்டு உக்காந்து சாப்புடறா. அதுக்குப் பேரு சமையலான்னு எங்க வூட்டுக்காரருகிட்டக் கேட்டேன். பசி அடங்குச்சுன்னா சரிதானேன்னாரு. அவருக்கு எல்லாம் சரிதான்.

ஒரு நாள் கரண்டு போச்சு. எங்க ரூம் கம்ப்யூட்டரு சட்டுனு அணைஞ்சுபோச்சு. நான் அப்ப ஏதோ ஏத்திட்டு இருந்தேன், பாதியில நின்னு எல்லாம் பாழாப்போச்சு. வெளிய வந்தா, தாரணி ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிப் படியில உக்காந்துட்டு போன்ல எழுதிட்டு இருக்கறா. லேப்டாப்ல எந்த எழுத்துல விட்டாளோ அந்த எழுத்துலருந்து. அதே பக்கம், அதே நிறம். கரண்டு போனதே அவளுக்குத் தெரியாது. வேர்த்து விறுவிறுத்து நிக்கறேன், நிமிந்து பாத்துச் சிரிக்கறா. அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது. உள்குத்து ஒண்ணும் இருக்காது அதுல. இருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருக்கும்.

வெள்ளகோவில் வந்துருச்சா? தண்ணி வெச்சிருக்கறே? ஒரு வாய் குடு.

அப்பறம் என்னாச்சுன்னா, எங்க துணியெல்லாம் வெட்டி, தெக்கறதுக்கு ஊட்டு ஊட்டுக்குத் தாட்டி விடுவோம். சுத்துவட்டாரத்துப் பொம்பளைங்கதான் தெச்சுத் தருவாங்க. எந்த ஊட்ல எந்தப் பண்டல் இருக்குது, எது முடிஞ்சுது, ஆட்டோவை எங்க அனுப்பறதுன்னு மாமியா நாள் முழுக்கப் போன்லயே கெடப்பாங்க. ராசாத்தி வூட்ல முடிஞ்சுதான்னு கேட்டா ராசாத்தி எடுக்க மாட்டா, எடுத்தா இன்னும் முடியலைம்பா. ஆட்டோ வெறுமனே போயிட்டு வெறுமனே வரும். இதைப் பாத்துட்டே இருந்த தாரணி, கம்முனு ஒண்ணு எழுத ஆரம்பிச்சா. தெக்கறவங்க போன்ல ஒரு பக்கம் தொறக்கும். முடிஞ்சுதுன்னு ஒரு பொத்தானைத் தொட்டா, இங்க மாமியா போன்ல அந்த ஊட்டுப் பேரு பச்சையா மாறும். அவ்வளவுதான். பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. நான் எழுதணும்னு நெனச்சிருந்தா எப்பவோ எழுதியிருப்பேன்.

மாமியாளுக்கு வாயெல்லாம் பல்லு. ஒறம்பரை வந்தா இப்ப என்ற ரூமுக்குக் கூட்டிட்டு வர்றதில்லை. போனைத் தூக்கிக் காட்டறாங்க. எங்க சின்ன மருமக பண்ணுனதுன்னு. அன்னைக்குச் சாயங்காலம் அந்த உறையைத் தொவைச்சுக் காயப் போட்டேன். அழுக்கே இல்லை. சும்மாதான் தொவைச்சேன்.

அந்தச் சமயத்துல வெளிநாட்டு ஆர்டர் குடுக்கற கம்பெனியோட ஏஜென்ட் ஒருத்தர் வர்றதா இருந்துச்சு. பெரிய ஆர்டரு. எங்ககிட்ட எந்த வேலை எங்க நிக்குதுன்னு அவருக்கு நேர்ல காட்டணும். காட்டி அவரு நம்புனாத்தான் ஆர்டரு. தாரணி அப்ப அவங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு குளித்தலை போயிருந்தா. எங்க வூட்டுக்காரரு லிங்க்கை என்ற போனுக்கு அனுப்பிப்போட்டு, நீ படிச்சவ, நீ ஒருக்கா பாத்துரு, அவரு முன்னால தப்பு கிப்பு வந்துரக் கூடாதுன்னாரு. நீ படிச்சவ. எத்தனை நாள் கழிச்சு அந்த வார்த்தை.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் படுத்துட்டாங்க. ரூம் கதவைத் தாழ் போட்டுட்டு உக்காந்தேன். என்ற கம்ப்யூட்டர்ல அத்தனை சாஃப்ட்வேர் ஏத்தி வெச்சிருக்கறேன், ஒண்ணுக்கும் வேலையில்லை. லிங்க்கைத் தொட்டா பிரவுசர்ல படக்குனு அவ எழுதுனது அத்தனையும் வந்து நிக்குது.

சொன்னா நம்ப மாட்டே. சுத்தமா இருந்துச்சு. ஊடு கூட்டி வெச்ச மாதிரி. ஒவ்வொரு எடத்துலயும் இது எதுக்குன்னு தமிழ்ல ஒரு வரி எழுதி வெச்சிருந்தா. படிக்கப் படிக்க எனக்கு வயிறு காந்துச்சு. காரக்கொழம்புதான் ஒத்துக்கலைன்னு நெனைக்கறேன். சரி, பாக்கச் சொன்னாரே, பாத்தேன். அதுல ஒவ்வொண்ணுக்கும் அவ வெச்ச பேரு ஒண்ணும் எனக்குப் புடிக்கலை. ரெண்டு பேரை மாத்துனேன். அப்பறம் நடுவுல ஒரு பகுதி, தெக்கறவங்க பேரெல்லாம் வந்து சேர்ற எடம், அது தேவையில்லாம நீளமா இருக்கற மாதிரி பட்டுச்சு. எடுத்துட்டேன்.

ஆமா, முழுசாத்தான். ஏஜென்ட் நாளைக்கு வர்றாருன்னும் தெரியும். அப்பத்தைக்கு அதெல்லாம் நெனைக்கலை கண்ணு, தேவையில்லைன்னு பட்டுச்சு, எடுத்தேன்.

அப்பத்தான், காலியான அந்த எடத்துல ஊதா நெறத்துல ஒரு கோடு வந்து நின்னுச்சு. எழுதற எடத்துல மினுக்கு மினுக்குன்னு நிக்குமே, அதாட்டம். அது தலையில பொட்டாட்டம் ஒரு பட்டை, அதுல பேரு. தாரணி.

நான் கீபோர்டுலருந்து கையை எடுத்துட்டேன். எங்க காலத்துல ஒருத்தர் எழுதறப்போ இன்னொருத்தர் உள்ள வர முடியாது. நம்ம மெஷினு, நம்ம பக்கம். இதுல நான் கதவைத் தாழ் போட்டுட்டு உக்காந்திருக்கறேன், அவ குளித்தலையில ஆஸ்பத்திரி பெஞ்சுல இருக்கறா, ஆனா உள்ள வந்து எம் பக்கத்துல நிக்கறா. எப்பருந்து நிக்கறாளோ. என்ற பேரும் அவளுக்கு அங்க தெரிஞ்சிருக்கும். நான் எங்கெங்க போனேன், எதை எதைத் தொட்டேன், எல்லாம் பாத்துட்டே இருந்திருப்பா.

ஊதாக் கோடு நகந்துச்சு. ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு.

"அக்கா, வந்துட்டீங்களா. எத்தனை நாளாக் காத்துட்டு இருக்கேன் நீங்க ஒரு தடவை பாக்க மாட்டீங்களான்னு."

அப்பறம் கீழ இன்னொரு வரி. "நீங்க எடுத்த பகுதியில எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. வேற எப்படி எழுதலாம்?"

அவ தெரிஞ்சேதான் அப்படிக் கேட்டாளா, இல்லை நெசமாவே நான் ரோசனை பண்ணித்தான் எடுத்தேன்னு நம்புனாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஆனா எடுத்தவ நான், எழுதித்தானே ஆகணும். எழுத ஆரம்பிச்சேன். கை வரலை கண்ணு. பழசெல்லாம் மறந்துபோச்சு. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்துட்டேன், வரியெல்லாம் செவப்பாச்சு. எங்கன்னு தெரியலை, தடவறேன். ஊதாக் கோடு மெதுவா வந்து, அந்தக் குறியை மட்டும் போட்டுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி அக்கட்டால போயி நின்னுக்குச்சு. செவப்பெல்லாம் போச்சு. எனக்குன்னா அப்படி ஒரு ஆத்திரம். தப்புன்னு வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

ஆனா ஒண்ணு நான் கண்டுபுடிச்சேன். அதை அவளே ஒத்துக்கிட்டா. ரெண்டு ஊட்ல ஒரே நேரத்துல பொத்தானைத் தொட்டா ஒண்ணு பதிவாகும், இன்னொண்ணு காணாமப் போயிரும். அவளுக்கு அது தோணவே இல்லை. வர்றதை எல்லாம் வரிசையில நிக்க வெச்சு ஒண்ணொண்ணா உள்ள விடணும்னு சொன்னேன். அதை நானே எழுதுனேன். எம்பட கையால. அவ பக்கத்து வரியில நின்னு பாத்துட்டே இருந்தா. முடிச்சதும், "இது எனக்கு வந்திருக்கவே வந்திருக்காது அக்கா"ன்னு எழுதுனா. மாமியா காப்பிக்குக் கதவைத் தட்டுனப்போதான் பொழுது சாஞ்சதே தெரிஞ்சுது. அன்னைக்கு அவளுக்கு நெறையச் சொல்லிக் குடுத்தேன்.

மறுநாள் காலையிலயே தாரணி திரும்பி வந்துட்டா, ஏஜென்ட்டும் வந்தாரு. எல்லாம் ஓடுச்சு. அவரு எதுத்தாப்புலயே எங்க வூட்டுக்காரரு ரெண்டு ஊட்டுக்குப் போன் பண்ணி ஒண்ணாத் தொடச் சொன்னாரு, ரெண்டும் பச்சையாச்சு. ஆர்டரு கெடைச்சுது. எல்லாரும் தாரணியைப் பாக்கறாங்க. அவ எந்திரிச்சு, "அக்கா பாக்கலைன்னா இன்னைக்கு மாட்டியிருப்போம், அந்த எடத்தைச் சரி பண்ணுனது அக்காதான்"னு சொல்றா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இலையில மிச்சம் இருந்ததை எடுத்து எனக்கு வெச்ச மாதிரி இருந்துச்சு. யாரு அவளைச் சொல்லச் சொன்னா? அப்பறம் அவ சொல்லாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காத. அதுக்கும் கோவம் வந்திருக்கும்.

அதுக்கப்பறம் நெதமும் மத்தியானம் தொறப்பேன். சரி பாக்கணுமே, அவளை நம்பி விட முடியாதே. நான் ரூம்ல, அவ சாப்பாட்டு மேசையில. நடுவுல ரெண்டு செவுரு. நேர்ல நாங்க எச்சாப் பேசிக்கறதில்லை, உப்பு எங்க, பாப்பா எங்கங்கறதோட சரி. உள்ளதான் பேச்சு. உனக்குத் தெரியுமே, ரெண்டு சாய்கோடு போட்டு எழுதுனா அந்த வரியை மெஷினு கண்டுக்காது, மனுசங்க படிக்கறதுக்கு மட்டும். அதுல எழுதிக்குவோம். முதல்ல வேலையைப் பத்தித்தான். அப்பறம் மாமியா வெச்ச ரசத்தைப் பத்தி. அப்பறம் கொழுந்தனார் கொறட்டையைப் பத்தி. நான் ரூமுக்குள்ள வாயைப் பொத்திச் சிரிப்பேன், அங்க அவ சிரிக்கற சத்தம் கேக்கும். மாமியா, என்னத்துக்குடி தனியாச் சிரிக்கறேன்னு அவளைக் கேப்பாங்க. படிச்சதும் அழிச்சிருவோம். சாயங்காலம் பாத்தா ஒண்ணும் இருக்காது, சுத்தமா வேலை மட்டும் இருக்கும்.

அதுக்காக அவளைப் புடிச்சுதுன்னு அர்த்தம் இல்லை. பொழுது போகணுமே.

இப்படி இருக்கறப்போ ஒரு நாள் சாய்கோடு போட்டு எழுதுனா. "அக்கா, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில வேலை கெடைச்சிருக்கு. பரீட்சை எல்லாம் பிரவுசர்லயே வெச்சாங்க. இன்னும் அவர்கிட்டக்கூடச் சொல்லலை. உங்ககிட்டத்தான் முதல்ல."

நான் படிச்சேன். அழிச்சேன். கம்ப்யூட்டரை அணைச்சுட்டு நேரா மாமியாகிட்டப் போயி, உங்க சின்ன மருமக யாருக்கும் தெரியாம வேலைக்கு எழுதிப் போட்டு வாங்கி வெச்சிருக்கறா, தெரியுமான்னு கேட்டேன். அதுல என்ன தப்பு? ஊட்டுப் பெரியவங்களுக்குத் தெரியாம இருக்கலாமா? அதுவும் கோயமுத்தூர். நான் விட்டுட்டு வந்த ஊரு. எனக்கு மட்டும் ஒருத்தரும் போன்னு சொல்லலை, இவ எப்படிப் போவா?

மாமியா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க. அப்பறம் சொன்னாங்க, "போகட்டும். சின்னவனும் அங்கயே ஒரு ஆபீஸ் போட்டுக்கட்டும், எப்படியும் வேணும்னுதானே சொல்லிட்டு இருந்தான். நீ கேட்டிருந்தா உன்னையும் அனுப்பியிருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

கேக்கவே இல்லையாம். கேட்டாத்தான் அனுப்புவாங்களாம். இத்தனை வருசம் கழிச்சு அதைச் சொல்றாங்க.

பொறப்படற அன்னைக்குத் தாரணி என்ற ரூமுக்கு வந்தா. கோவமா ரெண்டு வார்த்தை பேசுவான்னு நானும் தயாரா இருந்தேன். கட்டில்ல உக்காந்து பாப்பாவோட பாவாடையை மடிச்சு வெச்சுட்டே சொன்னா, "அவர்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன் அக்கா. அத்தை சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சுது. அதுல அவருக்கு வருத்தம்." அவ்வளவுதான். எனக்கு வருத்தம்னு சொல்லலை பாரு. நான் ஃபேனை இன்னும் கொஞ்சம் வெசையா வெச்சேன். கார் கெளம்புனப்போ வாசல்ல எல்லாரும் நின்னாங்க, நான் அடுப்புல பால் வெச்சிருந்தேன்.

காங்கயம் போயிருச்சா? நான் பேசிட்டே வர்றேன். உனக்குத் தூக்கம் வந்தா தூங்கு. இல்லையா? சரி.

அவ போனதுக்கப்பறமும் நான் மத்தியானம் தொறந்து பாப்பேன். பக்கம் அப்படியே இருக்கும். ஊதாக் கோடு இருக்காது. அவளுக்கு அங்க ஆபீஸு, வேலை. சனி ஞாயிறுல சில சமயம் வருவா, ரெண்டு வரி எழுதுவா, சாப்புட்டீங்களா அக்காம்பா, போயிருவா. நான் சும்மாவே தொறந்து வெச்சுட்டுத் துணி மடிப்பேன். நம்ம கோடு மட்டும் ஒரே எடத்துல நின்னு மினுக்கிட்டு இருக்கும். எங்க வூட்டுக்காரரு வந்து, என்ன வேலை நடக்குதுன்னு கேட்டாரு. பாத்துட்டு இருக்கறேன்னேன்.

போன மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை. தொறந்தா ஊதாக் கோடு இருக்குது. எனக்கு மனசு, என்ன சொல்றது, சரி வந்துட்டாளேன்னு இருந்துச்சு. பாத்தா அது பக்கத்துலயே இன்னொண்ணு. ஆரஞ்சு நெறம். பிரனிதான்னு பேரு.

ஒரே வரியில ரெண்டும் நிக்குது கண்ணு. ஒட்டிக்கிட்டு. ஊதா எழுதுனா ஆரஞ்சு திருத்துது, ஆரஞ்சு எழுதுனா ஊதா கீழ எறங்கிக் காத்துட்டு இருக்குது. சாய்கோடு போட்டு இங்கிலீசுல என்னமோ கேலி பேசிக்கறாங்க. யாரோ ஒரு மேனேஜரைப் பத்தி. நான் ஒருத்தி மேல ஒரு ஓரத்துல நிக்கறேன், என்ற பேரும் தெரியுதுதானே, அதுகூட அவங்களுக்குப் படலை. கொஞ்ச நேரம் பாத்தேன். பிரவுசரை மூடுனேன். மறுக்கா தொறந்தேன். இன்னும் அங்கயே நின்னுட்டு இருந்தாங்க.

பிரனிதா யாருன்னு எழுதுனேன். ஊதாக் கோடு சட்டுனு மேல வந்துச்சு. "அக்கா! பாக்கவே இல்லை. ஆபீஸ்ல என்கூட இருக்கா. நம்ம பக்கத்துல உதவி பண்றேன்னா. ரொம்ப நல்லா எழுதுவா."

ரொம்ப நல்லா எழுதுவாளாம்.

அவங்க போனதுக்கப்பறம் கீழ எறக்கிப் பாத்தேன். அந்த வரிசை போடற எடம் இருக்குதில்ல, நான் எழுதுனது, ரெண்டு ஊட்ல ஒண்ணாத் தொட்டா ஒண்ணொண்ணா உள்ள விடற எடம். அது இல்லை. எடுத்துட்டா. அந்த எடத்துல வேற ஒண்ணு, சின்னதா, நாலே வரியில. ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. என்னோடதைவிட வெசையாவே ஓடுது. ஆனா அது தாரணி நின்னு பாத்துட்டு இருந்தப்போ நான் எழுதுனது. எடுக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? வந்தவ கேக்க மாட்டா, சரி. இவளாவது தடுத்திருக்க வேண்டாமா?

யாரோ ஒருத்தி எழுதி வெச்சதை அப்படி முழுசா அழிக்கறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ, சொல்லு.

ரெண்டு வாரமா எனக்குச் சோறு எறங்கலை. எங்க வூட்டுக்காரரு டாக்டர்கிட்டப் போலாம்னாரு. டாக்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அண்ணன் மக கண்ணாலத்துக்குப் பட்டு எடுக்கணும், கோயமுத்தூர் போயிட்டு வர்றேன்னு சொன்னேன். கரூர்ல கெடைக்காத பட்டான்னு கேட்டாரு. மாமியாதான், அவ போயிட்டு வரட்டும், ரெண்டு நாள் சேத்து இருந்துட்டு வரட்டும்னாங்க. முறுக்கும் எள்ளுருண்டையும் பண்ணுனது என்ற கையாலதான். தாரணிக்கு எள்ளுருண்டைன்னா உசுரு. கொஞ்சமாத்தான் பண்ணுனேன், ரெண்டு பேருக்குப் பத்தும். மூணு பேருக்கெல்லாம் பத்தாது.

நேத்துப் போன் பண்ணுனா. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்துர்றேன் அக்கா, எறங்கி அங்கயே நில்லுங்கன்னா. சரின்னேன். அப்பறம் சொல்றா, "பிரனிதாவும் உங்களைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கா. முடிஞ்சா கூட்டிட்டு வர்றேன்." சிக்னல் இல்லைன்னு வெச்சுட்டேன்.

பாக்கட்டும். எனக்கென்ன. நானும் பாக்கறேன், அவ எப்படி இருக்கறான்னு. என்ன படிச்சிருக்கறா, எந்த ஊரு, தாரணியை எத்தனை நாளாத் தெரியும்னு நாலு கேள்வி கேக்கணும். அவ்வளவுதான். நான் எழுதுனதை ஏன் எடுத்தேன்னு கேக்க மாட்டேன். கேட்டா என்னமோ எனக்கு அதுல பெரிய பாசம் இருக்கற மாதிரி ஆயிரும்.

பொறாமையா? யாருமேல? அந்தப் புள்ளைமேலயா? நீயும் எங்க வூட்டுக்காரர் மாதிரியே பேசறே. மொகம் தெரியாத ஒருத்திமேல என்னத்துக்குக் கண்ணு பொறாமை. தாரணிமேல? அவமேல அப்பவே இல்லைன்னு சொன்னனே.

சூலூர் தாண்டிருச்சு. இனி எல்லாம் வண்டியும் வூடுந்தான். நான் வேலை பாத்தப்போ இந்தப் பக்கமெல்லாம் காடு. தலை கலைஞ்சிருக்குதா பாரு. இந்தப் பக்கம்? சரி இருக்கட்டும், பரவாயில்லை.

அந்தா, அந்தக் கடைக்கு முன்னால. மஞ்சத் துப்பட்டா. அவதான். எளைச்சுட்டா, சரியாச் சாப்புடறதில்லை போல இருக்குது. எனக்குத் தூரத்துல சரியாத் தெரியலை கண்ணு, உனக்கு நல்லாத் தெரியும், எட்டிப் பாரு. பக்கத்துல நீலச் சட்டையில ஒருத்தி நிக்கறாளே, அவ இவகூட வந்தவளா? பேசறாளா இவகூட?

இல்லையா? அந்தப் பஸ்ஸுல ஏறிட்டாளா?

அப்ப தனியாத்தான் நிக்கறா.

சரி கண்ணு, பஸ்ஸு நிக்கட்டும், மெதுவாவே எறங்கிக்கறேன். அந்தத் தூக்குப்போணியை மட்டும் எடுத்துக் குடு. பாத்து, சாய்ச்சிராத, உருண்டை ஒடைஞ்சிரும்.